நூற்றைம்பது என்று எழுதிய கை

"பாருங்க மேடம், பூரா வந்துச்சி" என்று சொல்லிக்கொண்டே தேவகி வலது கையை மேலே தூக்கினாள்.

பகல் ஒரு மணி இருக்கும். இரண்டாவது ஷிஃப்டுக்கு நேராகப் போய்விடலாம் என்று கம்பெனி கொடுத்த நீலக் கோட்டை மாட்டிக்கொண்டே வந்திருந்தாள். தொளதொளத்த கோட்டுக் கைக்குள்ளிருந்து விரல்கள் வெளியே வந்து, என் அறைச் சுவரில் காலண்டர் தொங்கும் ஆணியைத் தொட்டன. முகத்தில் சிரிப்பு இருந்தது, மேலுதட்டில் வியர்வை இருந்தது.

வெளியே பெஞ்சில் ஐந்து பேர். அதில் ஒரு பெரியவர் அடிக்கடி செருமி, தான் இருப்பதை எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார். காலையில் குடித்த காபியைத் தவிர என் வயிற்றில் ஒன்றும் இல்லை. வலது கட்டைவிரலின் அடியில் விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

"சரிம்மா, போதும், இறக்கு" என்றேன்.

அச்சடித்த தாளை எடுத்தேன். 'வலது தோள், முன்பக்கமாகத் தூக்குதல்' என்ற வரிக்கு எதிரே நூற்றைம்பது டிகிரி என்று எழுதினேன். அதற்குக் கீழே, தலைக்கு மேல் வேலை செய்யத் தடையில்லை என்று ஒரு வரி. பிறகு கையெழுத்து, முத்திரை. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

தேவகி அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

எலும்புக்கூட்டு மாப்பிள்ளை

இந்தத் தொடருக்குள் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் உள்ள ஒற்றை அறையில், இருபது வருடத்துக்கும் மேலாக ஊராரின் கை காலை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கிறேன். அறையில் இரண்டு கட்டில்கள், நடுவில் ஒரு பச்சைத் திரை, ஒத்தடத்துக்கு மெழுகு உருக்கும் ஒரு சட்டி. ஆஸ்தி அவ்வளவுதான்.

படித்த காலத்தில் எங்கள் வகுப்பு மூலையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு கொக்கியில் தொங்கும். எந்நேரமும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தோம். அந்த மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் மூட்டு வகைகளை மனப்பாடம் செய்தோம். பந்துக் கிண்ண மூட்டு, கீல் மூட்டு, முளை மூட்டு, வழுக்கு மூட்டு, சேண மூட்டு என்று ஒப்பித்தால் பாஸ். அவனுக்கு எந்த மூட்டும் வலிக்காது. அதனால் எல்லாம் சுலபமாக இருந்தது.

அம்பத்தூருக்கு வந்த பிறகுதான் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு முகம் வந்தது.

கீல் மூட்டு என்றால் எனக்கு அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த ஒரு ஃப்ளாட்டின் மூன்றாவது மாடிதான் நினைவுக்கு வரும். ரிட்டயர் ஆன வங்கி அதிகாரி ஒருவர். முழங்கால் மாற்றியிருந்தார்கள். முழங்கால் கதவு மாதிரி, திறக்கும், மூடும், கொஞ்சம் திருகவும் விடும். அதற்கு மேல் கேட்டால் கோபித்துக்கொள்ளும். அவருக்கோ தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட வேண்டும். "சார், டேபிள்ல சாப்பிட்டா சோறு இறங்காதா?" என்று கேட்டேன். "இறங்கும்மா, ருசிக்காது" என்றார். நான்கு மாதம் அவரோடு மல்லுக்கட்டினேன். கடைசி வரை சம்மணம் வரவில்லை.

கழுத்தில் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருப்பது முளை மூட்டு. ஓர் எலும்பின் முளையைச் சுற்றி இன்னொன்று திரும்பும். 'இல்லை' என்று தலையாட்டுவது அதன் வேலை. ஐ.டி.யில் வேலை பார்க்கிற பிள்ளைகள் நிறையப் பேர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். மேனேஜரிடம் ஒரு நாளாவது 'இல்லை' என்று தலையாட்டியிருந்தால் பாதிப் பேருக்கு என்னிடம் வேலையே இருந்திருக்காது.

அசையாத மூட்டும் உண்டு, மண்டையோட்டில். பல் பல்லாக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, அசைய மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும். இருபது வருடத்தில் அந்த மூட்டு வலிக்கிறது என்று ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. மகராசி, அதுவாவது சும்மா இருக்கிறதே.

"வாரா வாரம் வலி, வலின்னே எழுதறே. படிக்கிறவங்களுக்கும் வலிக்கப் போகுது" என்கிறார் என் கணவர். அவருக்கு இடுப்பு. அவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

என் பங்குக்கு

தோள் பந்துக் கிண்ண மூட்டு. உடம்பிலேயே இவ்வளவு தாராளமாக ஆடுகிற மூட்டு வேறு கிடையாது. முன்னே, பின்னே, பக்கவாட்டில், வட்டமாக என்று எல்லாம் போகும். கிண்ணம் ஆழமில்லாதது, அதனால்தான் அத்தனை சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தைக் கட்டிக் காப்பது சுற்றியிருக்கும் ஒரு மெல்லிய உறைதான். அது இறுகிவிட்டால் தோள் பூட்டிக்கொள்ளும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம். தலைவாரக் கை போகாது, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவும் முடியாது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும். அது விடுகிறபோதுதான் விடும். நாம் கூடவே நின்று கொஞ்சம் நெம்பிக்கொடுக்கலாம்.

அந்த நெம்புதலுக்குத்தான் கட்டைவிரல் வேண்டும்.

கட்டைவிரலின் அடியில் இருப்பது சேண மூட்டு. குதிரைச் சேணத்தின் மேல் இன்னொரு சேணத்தைக் குறுக்காகக் கவிழ்த்து வைத்த மாதிரி. மனுஷன் பேனா பிடிப்பதும் சோறு பிசைவதும் பூ தொடுப்பதும் அதனால்தான். நான் இருபது வருடமாக அதை வைத்து ஊரார் தோளையும் முதுகையும் அமுக்கிக்கொண்டிருக்கிறேன். அது தேய்ந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்க்காமலேயே தெரியும்.

யாரிடமும் சொல்லவில்லை. கை வைத்தியம் பார்க்கிறவளுக்கே கை போச்சு என்று தெரிந்தால் யார் வருவார்கள்? சட்னி ஜாடியின் மூடியைத் திறக்க முடியாமல் கணவரிடம் நீட்டும்போது, "ரொம்ப டைட்டா மூடியிருக்கீங்க" என்று அவர் மேலேயே பழியைப் போட்டுவிடுவேன். காலையில் பருத்திப்பட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது கம்பியை இடது கையால்தான் பிடிப்பேன். நாளுக்கு இருபது பேர் வருகிறார்கள். பத்தாவது ஆளுக்குப் பிறகு, எந்த வேலையில் கட்டைவிரலுக்கு லீவு கொடுக்கலாம் என்றுதான் புத்தி தேடும்.

தேவகி வந்த விதம்

தேவகிக்கு நாற்பத்தைந்து இருக்கும். அயப்பாக்கத்துக்காரி. அவள் அம்மா அந்தப் பக்கத்து வயல்களில் நடவு நட்டவள். தேவகிக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை. மெஷின் அடித்துத் தள்ளுகிற சின்னச் சின்னத் தகடுகளை டிரேயில் நிரப்பி, தலைக்கு மேலே இருக்கும் ரேக்கில் ஏற்ற வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை டிரே என்று கேட்டேன். "எண்ணிகினு இருந்தா வேல ஆவாது மேடம்" என்றாள்.

அவளுக்கும் தோள் பூட்டிக்கொண்டிருந்தது. முதல் தடவை வந்தபோது வலது கை எண்பது டிகிரிக்கு மேல் போகவில்லை. வீட்டுக்காரர் இல்லை. மகள் நர்சிங் படிக்கிறாள். வீட்டில் சம்பாதிக்கிற கை அது ஒன்றுதான்.

"இன்னா மேடம், எப்போ சரியாவும்?"

"ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்."

"ஒரு வர்ஷமா! அதுவரைக்கும் என் எடத்த சும்மாவா வெச்சிகினு இருப்பான் காண்ட்ராக்டரு?"

காண்ட்ராக்டர் சொன்னது இதுதான். மூன்று மாதத்துக்குள் கை தூக்க முடியும் என்று கம்பெனி டாக்டர் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். கம்பெனி டாக்டரோ, பிசியோதெரபி பார்த்தவரிடம் அளவு எழுதி வாங்கி வா, அதைப் பார்த்து நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆக, அவள் வேலை என் தாளில் வந்து நின்றது.

இரண்டு மாதம் தவறாமல் வந்தாள். எண்பது எண்பத்தைந்தாயிற்று. பிறகு மூன்று வாரம் ஆளையே காணோம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போன் செய்து சொல்லியிருந்தாள். அதற்கப்புறம்தான் அந்த நீலக் கோட்டு நாள்.

கோட்டைக் கழற்றச் சொல்லவில்லை

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. ஒரு மூட்டு மாட்டேன் என்றால், பக்கத்து மூட்டுகள் அதன் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும். தோள் தூக்க மறுத்தால், தோள்பட்டை காதை நோக்கி ஏறிக் கொடுக்கும். அதுவும் போதவில்லை என்றால் இடுப்புக்கு மேலே முதுகெலும்பு பின்னால் வளைந்து கொடுக்கும். முதுகெலும்பில் ஒவ்வொரு எலும்புக்கும் நடுவில் சின்னச் சின்ன வழுக்கு மூட்டுகள், ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்தால் போதும். வெளியே பார்ப்பவருக்குக் கை ஜம்மென்று மேலே போன மாதிரி இருக்கும். தோள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதை ஏமாற்று அசைவு என்போம். இதற்காகத்தான் அளவெடுக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மேல் சட்டையைத் தளர்த்தித் தோளைப் பார்க்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலை மடக்க வேண்டும், அப்போது முதுகு வளையாது. பிறகு ஒரு கையால் தோள்பட்டையை ஏறவிடாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கோணமானியை வைக்க வேண்டும். அமுக்கிப் பிடிப்பது கட்டைவிரலின் வேலை.

சாதாரணமாக என்னிடம் வருகிறவர்கள் கையைக் குறைத்துத்தான் காட்டுவார்கள். லீவு வேண்டும், நஷ்ட ஈடு வேண்டும், மருமகள் முன்னால் கொஞ்சம் மரியாதை வேண்டும். 'ஐயோ அம்மா' என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க எனக்குக் கண் பழகியிருந்தது. கூட்டிக் காட்டுகிறவளை நான் எதிர்பார்க்கவில்லை.

இதெல்லாம் சாக்கு. நடந்தது என்னவென்றால், படுக்க வைக்க அலுப்பு. கோட்டைக் கழற்றச் சொன்னால் இன்னும் ஐந்து நிமிடம் ஆகும் என்ற அலுப்பு. பிடித்தால் விரல் வலிக்குமே என்ற பயம். கோணமானி மேஜை டிராயரில் இருந்தது, அதைத் திறக்கவே இல்லை. கண்ணால் பார்த்து எழுதினேன். மூன்று வாரத்தில் எண்பத்தைந்து எப்படி நூற்றைம்பது ஆகும் என்று முதல் வருஷப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும்.

மிளகாய்த்தூள்

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு காலை வேளையில் ஆட்டோவிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி தேவகி. இன்னொருத்தி முப்பது வயது மதிக்கத்தக்கவள், தேவகியின் இடது தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். வலது கால் பாதம் வீங்கியிருந்தது.

"யக்கா, இவ மலரு. என் பக்கத்து மெஷின்காரி. மாவுக்கட்டு பிரிச்சாங்க. காலு மடங்கவே மாட்டேங்குது" என்றாள் தேவகி. மேடம் எப்போது அக்காவானேன் என்று எனக்குப் புரியவில்லை. கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். மில்லில் கொடுத்து அரைத்த குழம்பு மிளகாய்த்தூள். பிரிக்காமலேயே மூக்கில் ஏறி என்னை நாலு தும்மல் தும்ம வைத்தது.

மலரை உள் கட்டிலில் படுக்க வைத்தேன். மேல் பாதத்தில் எலும்பு முறிந்து கூடியிருந்தது. கணுக்கால் இறுகிப் போயிருந்தது.

"எப்படிம்மா ஆச்சு?"

"டிரே வுயுந்துச்சு மேடம். மேல ரேக்குல ஏத்தும்போது அக்கா கைலேர்ந்து. கைப்பிடி ஒடஞ்சிருச்சு. நான் கீய நின்னுகினு இருந்தேன்" என்றாள்.

தேவகி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலர் காலில் சூட்டு ஒத்தடப் பையை வைத்துவிட்டு, இருபது நிமிடம் அசையாமல் படுத்திரு என்று சொல்லிப் பச்சைத் திரையை இழுத்துவிட்டேன். இந்தப் பக்கம் வந்ததும் தேவகி என் கையைப் பிடித்தாள். பிடித்தது சரியாகக் கட்டைவிரலை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"யக்கா, ஒங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா? கைப்பிடி ஒண்ணும் ஒடையல. என் கை ஏறல. பாதில நின்னுட்ச்சு. டிரே நழுவிட்ச்சு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கைப்பிடி ஒடஞ்சிச்சின்னு நாந்தான் சொன்னேன். சூப்பர்வைசரும் நம்பிட்டாரு."

திரையை ஒருமுறை பார்த்துவிட்டு இன்னும் கிட்டே வந்தாள்.

"அன்னிக்கு நீங்க தெரிஞ்சும் தெரியாத மாரி எய்தி குடுத்தீங்க பாருங்க, அத்த நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்க்கா. ஒடம்ப வளச்சி வளச்சி காட்றேன், ஒங்களுக்கு தெரியாதா இன்னா? இத்தினி வர்ஷ சர்வீசு! பாவம் பொம்பள, பொயச்சி போவட்டும்னுதான் எய்துனீங்க. என் பொண்ணுகிட்டகூட சொன்னேன், பாரு, இப்பிடியும் மன்சங்க கீறாங்கன்னு."

நல்லவள் பட்டம் என்பது சும்மா வந்தாலும் கழற்றி வைக்க மனசு வராத நகை. ஒரு நிமிடம் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அது உண்மை, இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்புறம் அவள் வந்த காரியத்தைச் சொன்னாள்.

"மலருக்கும் அதே மாரி ஒரு சீட்டு எய்தி குடுங்கக்கா. திங்கக்கெயம போலன்னா அவளையும் எடுத்துடுவான். நின்னுகினுதான வேல? அவ சமாளிச்சிப்பா. எனக்கு எய்துன மாரி எய்துங்க, போதும்."

திரைக்கு அந்தப் பக்கம்

மலர் பாதத்தை மேலே மடக்கச் சொன்னால் கொஞ்சம்கூட வரவில்லை. அந்தக் காலோடு எண்ணெய் வழியும் தரையில் எட்டு மணி நேரம் நின்றால் அடுத்து எது உடையும் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் அச்சடித்த தாள், மறுபடியும் என் பேனா. உடம்பெல்லாம் ஒரு அயர்ச்சி வந்தது. அப்படியே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"தேவகி, நான் தெரிஞ்சு எழுதலம்மா" என்றேன்.

"இன்னாக்கா?"

"அன்னைக்கு நான் உன் தோளைப் பார்க்கவே இல்ல. படுக்க வச்சு, பிடிச்சு அளக்கணும். அளக்கல. எனக்கு இந்தக் கட்டைவிரல் ரொம்ப நாளா வலி. பிடிச்சா உயிர் போகும். பசி வேற. நீ தூக்கினே, நான் எழுதிட்டேன். நீ வளைஞ்சது எனக்குத் தெரியாது."

அவள் முகத்தைப் பார்த்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அன்றைய தினத்தை மறுபடியும் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"அப்போ என்மேல எரக்கப்பட்டுல்லாம் எய்தல?"

"இல்ல."

"நான் நின்னதகூட பாக்கல?"

"இல்லம்மா."

"சரிங்க மேடம்" என்றாள். அதைவிட நாலு வார்த்தை கெட்டதாகவே பேசியிருக்கலாம்.

பிறகு செருப்பை உதறிவிட்டு இந்தப் பக்கக் கட்டிலில் ஏறி மல்லாக்கப் படுத்தாள். முழங்காலை அவளே மடக்கினாள். "இப்போ அளங்க" என்றாள்.

டிராயரைத் திறந்து கோணமானியை எடுத்தேன். இடது கையால் தோள்பட்டையைப் பிடித்துப் பார்த்தேன், சரியாக நிற்கவில்லை. வலது கையை வைத்து, கட்டைவிரலை ஊன்றி அமுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் கை மெதுவாக ஏறி, நட்டுக்குத்தலாக நின்றது. அதற்கு மேல் போகவில்லை. உள்ளே உறை பிடித்து இழுப்பது என் விரலுக்குத் தெரிந்தது.

"எவ்ளோ?"

"தொண்ணூறு."

"அன்னிக்கு எவ்ளோ எய்துனீங்க?"

"நூத்தம்பது."

கூரையைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டாள். "மீதி அறுவதும் மலரு கால்மேல வுயுந்துச்சு" என்றாள்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "தெரியும்க்கா" என்று மலரின் குரல் வந்தது.

இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. பச்சைத் திரை கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது என்பது எங்களுக்கு மறந்தேபோயிருந்தது.

"கைப்பிடி ஒடையலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். வுயுந்த டிரேய பாத்துகினுதான குந்திகினு இருந்தேன். முழுசா இருந்துச்சு. சூப்பர்வைசர் என்னைத்தான் மொதல்ல கேட்டாரு. நாந்தான் ஒடஞ்சத அப்பவே கடாசிட்டாங்கன்னு சொன்னேன்."

"ஏன்டீ எங்கிட்ட சொல்லல?" என்று தேவகி எழுந்து உட்கார்ந்தாள்.

"சொன்னா நீ வேலய வுட்டுட்டு போயிருப்ப. ஒன் பொண்ணு படிப்பு இன்னா ஆவும்?"

தேவகி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். மலரின் நல்ல காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சூடு, சூடு, பையத் தள்ளாத" என்று மலர் கத்தியதும் கேட்டது. அறைக்குள் மூன்று பேர் இருந்தோம். கண்ணால் பார்ப்பதற்கென்றே படித்தவள் நான் ஒருத்திதான். நான் மட்டும்தான் எதையும் பார்க்கவில்லை.

இரண்டு கடிதங்கள்

அன்றைக்கே கம்பெனி டாக்டருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். மலருக்கு ஆறு வாரம் உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும். தேவகிக்கு நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்காத வேலை வேண்டும், முன்பு கொடுத்த அளவு தவறு. 'எழுத்துப் பிழை' என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டு, 'முறைப்படி அளக்காமல் எழுதினேன், தவறு என்னுடையது, அவருடையது அல்ல' என்று எழுதினேன். எழுதும்போதும் விரல் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேவகியிடம் படித்துக் காட்டினேன். "இத்த குடுத்தா வேல பூடும்" என்றாள். "போகலாம்" என்றேன். "குடுக்காம இருந்தா அடுத்த டிரே யார் தலைலயோ" என்று அவளே சொல்லி, தாளை மடித்து வாங்கிக்கொண்டாள்.

மலருக்குச் செக்கிங் டேபிள் கிடைத்தது. தேவகிக்கு எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவள் மெஷினில் வேறொரு பெண் நின்றாள். உள்ளதைச் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நானும் உள்ளுக்குள் எங்கேயோ நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன் போல. பூந்தமல்லி பக்கம் ஒரு ஹாஸ்டலில் காய் நறுக்கும் வேலை என்று மலர் சொன்னாள். முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம்.

தேவகி இனி இந்தப் பக்கம் வர மாட்டாள் என்று நினைத்தேன். அவள் இடத்தில் நான் இருந்தால் வந்திருக்க மாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தாள். பெஞ்சில் தன் முறைக்குக் காத்திருந்தாள். உள்ளே வந்ததும் கட்டிலில் படுத்தாள், புடவை முந்தானையைத் தோளிலிருந்து விலக்கினாள், முழங்காலை மடக்கினாள். நான் கோணமானியோடு கிட்டே போனேன். அவள் இடது கையை நீட்டி என் வலது கையைப் பிடித்தாள். கட்டைவிரலைத் தொடாமல், மணிக்கட்டில் பிடித்தாள். கொண்டுபோய்த் தன் தோள்பட்டை மேல் வைத்தாள்.

"மொதல்ல இங்க புடிங்க மேடம்" என்றாள். "அப்பறமா எய்துங்க."